கவருக்குள் இரண்டாவது அட்டை

என் கணவருக்கு இடது கண்ணில் புரை எடுத்த நான்காம் நாள், மகளுக்கான சத்து மாத்திரையை வாங்க நானே மெடிக்கலுக்குப் போனேன். இரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அதுவரை மாதாமாதம் அவர்தான் வாங்கி வருவார். கடைக்காரர் பின் அடித்துக் கொடுத்த காக்கிக் கவரை அப்படியே என் கைப்பையில் வைப்பார். நான் அதை முத்தாபுதுப்பேட்டையில் மகள் வாழ்க்கைப்பட்ட வீட்டுக்கு எடுத்துப் போய், அவள் மாமியார் பார்க்க அவள் கையில் கொடுப்பேன். "நாள் தவறாமப் போடு பாப்பா" என்று சொல்லியே கொடுப்பேன்.

அந்த வாக்கியத்தை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று இப்போது நினைத்தால் காது கூசுகிறது.

எங்கள் வீடு மண்ணூர்பேட்டையில், தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம். மெடிக்கல் நடந்து போகிற தூரம்தான். சாயங்காலம் ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் அங்கே கூட்டமாக இருக்கும். நான் அந்த நேரத்தில்தான் போனேன். சத்து மாத்திரை வாங்கப் போகிறவளுக்கு என்ன மறைவு?

கடைக்காரர் எங்களைப் பல வருஷமாகத் தெரிந்தவர். என்னைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"இன்னாக்கா, சார் வர்ல? கண்ணு ஆபரேசன் ஆய்ச்சா?"

"ஆயிடுச்சு. ரெண்டு வாரத்துக்கு வெளிய போகக்கூடாதாம், தூசி பட்டுடுமாம். பொண்ணுக்கு மாசாமாசம் ஒரு மாத்திரை வாங்குவாரே, அதைக் குடுங்க."

"குட்த்துட்டா போச்சு."

மேல் தட்டிலிருந்து ஃபோலிக் ஆசிட் மூன்று அட்டை எடுத்துக் கவரில் போட்டார். பிறகு குனிந்து, கல்லாவுக்குக் கீழே இருந்த டிராயரைத் திறந்து இன்னொரு அட்டையை எடுத்தார். சின்னச் சின்ன மாத்திரைகள், வரிசையாக. அதையும் அதே கவருக்குள் தள்ளிப் பின் அடிக்கப் போனார்.

"அது என்ன இன்னொண்ணு?"

"சார் ரெண்டும்தான் வாங்கினு போவாரு."

"எதுக்கு அது?"

அவர் கை நின்றது. என் பக்கத்தில் கம்பெனி யூனிஃபார்மில் ஒருவர் இருமல் மருந்துக்காக நின்றுகொண்டிருந்தார். கடைக்காரர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார்.

"ஃபேமிலி பிளானிங் மாத்திரக்கா."

"யாருக்கு?"

"அத்த நான் எப்டிக்கா கேக்கறது? டாக்டர் சீட்டு காட்டித்தான் வாங்குவாரு. நான் உங்களுக்குன்னு நெனச்சுகினு இருந்தேன்."

இருமல்காரர் செல்போனைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. பையன் பிறந்தபோதே ஆபரேஷனும் முடிந்துவிட்டது. மாதவிலக்கு நின்றே மூன்று வருஷம் ஆகிறது. இதையெல்லாம் கடையில் சொல்ல முடியுமா? "ஆமா, மறந்துட்டேன்" என்று சொல்லிக் கவரை வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வருகிற பத்து நிமிஷமும் நான் மகளை நினைக்கவே இல்லை. அவரை நினைத்தேன். அவர் கம்பெனியில் பேக்கிங் பகுதியில் வேலை பார்த்த ஒரு பெண்மணியை நினைத்தேன். ரிட்டயர்மென்ட் விழாவில் அந்தப் பெண்மணி அழுதது ஞாபகம் வந்தது. அன்றைக்கு எல்லோரும்தான் அழுதார்கள், ஆனால் எனக்கு அந்த ஒரு முகம் மட்டும் தெரிந்தது. முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனிதரைப் பத்து நிமிஷத்தில் பிரித்து மேய்ந்துவிட்டேன். காய்கறி வாங்கப் போனால் ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது, போனை ஏன் கவிழ்த்து வைக்கிறார் என்று ஒவ்வொன்றாக.

அவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்து டிவியைக் கேட்டுக்கொண்டிருந்தார். பார்க்கக்கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை, இவராகவே கேட்பதோடு நிறுத்தியிருந்தார்.

"மெடிக்கல்ல ரெண்டு விதமா மாத்திரை குடுத்தாங்க."

அவர் ரிமோட்டைத் தடவி எடுத்து டிவியை அணைத்தார்.

"உக்காரு."

"நிக்கிறேன். அது யாருக்கு?"

"பாப்பாவுக்குத்தான்."

அந்த ஒரு கணம் எனக்கு வந்தது நிம்மதிதான். அதை இங்கே மறைக்க விரும்பவில்லை. பேக்கிங் பகுதிப் பெண்மணி இல்லை, போதும் என்று இருந்தது. அதற்கு அடுத்த கணம்தான் அவர் சொன்னது உள்ளே இறங்கியது.

"பாப்பாவுக்கா? அவளுக்கு எதுக்கு?"

"அவ கேட்டா. வாங்கிக் குடுத்தேன்."

"என் பையில வச்சா?"

"அது அவ சொன்னதும்மா. அம்மா கொண்டு வந்தா அத்தை பிரிச்சுப் பாக்க மாட்டாங்கப்பான்னா."

வேறொரு பெண்ணாக இருந்திருந்தால் எப்படிக் கோபப்படுவது என்றாவது எனக்குத் தெரிந்திருக்கும். கத்தியிருப்பேன், அண்ணனுக்குப் போன் போட்டிருப்பேன், சமைக்காமல் இருந்திருப்பேன். இதற்கு என்ன செய்வது? நான் ஒரு கம்பெனியில் பதினெட்டு வருஷம் ஸ்டோர்ஸ் பார்த்தவள். ஒரு பெட்டி உள்ளே வந்தால் திறந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. அப்படிப்பட்டவள் இரண்டு வருஷமாக ஒரு கவரைத் தூக்கிக்கொண்டு, ஆவடி வரைக்கும் பஸ்ஸிலும், அங்கிருந்து ஷேர் ஆட்டோவிலும் இடிபட்டுப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன்.

மகளுக்குக் கல்யாணம் ஆகி மூன்று வருஷம். குழந்தை இல்லை. ஒரு வருஷம் கழிந்ததும் சம்மந்தியம்மாள் என்னிடமே கேட்க ஆரம்பித்தார். அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே எங்கள் அபார்ட்மென்டில் கேட்டாயிற்று. லிஃப்டில், வாட்டர் கேன் வாங்குகிற இடத்தில், நவராத்திரிக் கொலுவில். "விசேஷம் ஏதும் இல்லியா?" என்பார்கள். எனக்கு அந்தக் கேள்வி நெஞ்சில் உட்கார்ந்துவிடும். ஃபோலிக் ஆசிட் போட்டால் நல்லது என்று ஆவடியில் ஒரு டாக்டரம்மா சொன்னதைக் கேட்டு, "அதை நான் பாத்துக்கிறேன் சம்மந்தி, மாசாமாசம் நானே கொண்டு வந்து குடுக்கிறேன்" என்று சொன்னது நான்தான். "நீ அலைய வேணாம், மெடிக்கலுக்கு நான் போறேன்" என்று இவர் சொன்னபோது எனக்கு என்ன பெருமை! எதிர்வீட்டு அம்மாவிடம், "பொம்பளைங்க விஷயம்னு ஒதுங்காம எங்க வீட்டுக்காரரே வாங்கிட்டு வர்றாரு" என்று சொல்லியிருக்கிறேன்.

மாங்காட்டை நினைத்தால்தான் தாங்கவில்லை.

போன வருஷம் மாங்காட்டு அம்மனுக்கு ஆறு வாரம் வேண்டிக்கொண்டோம். ஆறு வெள்ளிக்கிழமை விடாமல், எலுமிச்சம்பழத்தோடு. வாரம் ஒன்று தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நான் இவரோடு ஸ்கூட்டரில் பூந்தமல்லி வரைக்கும் போவேன். மகள் ஆவடியிலிருந்து பஸ்ஸில் வந்து பஸ் ஸ்டாண்டில் நிற்பாள். மூன்று பேருமாக ஒரு ஆட்டோ பிடித்துக் கோயிலுக்குப் போவோம். இவர் உள்ளே வந்து கும்பிட்டுவிட்டு, வெளியே போய் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். நானும் அவளும் வரிசையில் நிற்போம்.

ஆறு வாரம் என்றால் இடையில் அவளுக்குத் தேதி வந்துவிடுமே என்பதுதான் என் கவலை. அதற்கும் மெடிக்கலில் மாத்திரை இருக்கிறது, எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் வாங்குவார்கள். கல்யாணம், கிரகப்பிரவேசம், திருப்பதி பயணம் என்றால் தேதியைத் தள்ளிப்போட ஒரு அட்டை. யாரும் வெட்கப்படுவதில்லை. கடைக்காரரும் "எப்பக்கா விசேசம்?" என்று மட்டும்தான் கேட்பார். அவள் கல்யாணத்துக்கே நான் வாங்கியிருக்கிறேன், நாலு பேர் நிற்கும்போது, சத்தமாக. அதனால் வேண்டுதலுக்கும் அதை வாங்கித் தருகிறேன் என்றேன்.

"வேணாம்மா. வெள்ளிக்கிழமையில வராது" என்றாள்.

"எப்படிடீ அவ்வளவு உறுதியா சொல்றே?"

"இப்பல்லாம் கரெக்டா வருதும்மா. ஞாயித்துக்கிழமைன்னா ஞாயித்துக்கிழமை."

காலேஜ் படிக்கும்போது இரண்டு மாதம், மூன்று மாதம் என்று தள்ளிப்போய்க்கொண்டிருந்தவள் அவள். அப்போது அம்பத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் நானே கூட்டிப் போனேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை என்றால் ஞாயிற்றுக்கிழமை. சத்து மாத்திரை வேலை செய்கிறது, அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று நினைத்தேன். சம்மந்தியம்மாளுக்குப் போன் போட்டுச் சொன்னேன், "இப்போ தேதி தவறாம வருது சம்மந்தி, அதுவே நல்ல அறிகுறிதானே." அவர் அந்தப் பக்கம் கன்னத்தில் போட்டுக்கொள்கிற சத்தம் கேட்டது.

கருத்தடை மாத்திரை போட்டால்தான் அப்படிக் கடிகாரம் மாதிரி வரும் என்பது இந்த வருஷம் எனக்குத் தெரிந்தது. பி.காம். படித்தவள், தினமும் பேப்பர் படிக்கிறவள், ஐம்பத்து மூன்று வயதில் தெரிந்துகொண்டேன்.

"ஆறு வாரம் எலுமிச்சம்பழம் தூக்கிட்டு வந்தேனே, டீ குடிச்சிட்டு உக்காந்திருந்தீங்களே, ஒரு வாரமாவது வாயத் திறந்தீங்களா?" என்று இவரிடம் கேட்டேன்.

"உனக்காகத்தான் அவ வந்தா. எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு."

"கஷ்டமா இருந்துச்சா? அப்போ பொங்கலுக்கு வந்தப்ப அப்பாவும் பொண்ணுமா கண் டாக்டரைப் பாக்கப் போறோம்னு போனீங்களே, அது?"

அவர் அதையும் ஒத்துக்கொண்டார். அம்பத்தூர் டாக்டரம்மாவிடம்தான் போயிருக்கிறார்கள், புதுச் சீட்டு வாங்க. அன்று கண்ணாடி மாற்றவில்லையா என்றுகூட நான் கேட்கவில்லை.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல? நான் அம்மா இல்லியா?"

கறுப்புக் கண்ணாடிக்குள் அவர் கண் எங்கே பார்க்கிறது என்று தெரியவில்லை.

"நீ சொல்லிடுவேன்னு அவளுக்குப் பயம்."

"யார்கிட்ட?"

"யார்கிட்டயாவது."

எனக்கு அழுகை வந்தது. அவருக்கும் வந்திருக்கும். "அழுதா கண்ணுல தண்ணி எறங்கும்னு டாக்டர் சொன்னாருல்ல, அழாதீங்க" என்று நானே அதட்ட வேண்டியிருந்தது. அந்த அளவுக்கு அன்றைக்கு எங்கள் வீடு கேவலமாக இருந்தது.

அவர் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது. அதையும் எழுதத்தான் வேண்டும். கல்யாணம் ஆன ஆறாம் மாதம், ஒரு மத்தியானம் மகள் வீட்டுக்கு வந்திருந்தபோது, என் பக்கத்தில் படுத்துக்கொண்டு சொன்னாள்: "ரெண்டு மூணு வருஷம் போகட்டும்மா. எனக்கு இப்பத்தான் டீம் லீட் குடுத்திருக்காங்க. எனக்கே இன்னும் ஒண்ணும் புடிபடலை." நான் "ம்" என்று கேட்டுக்கொண்டேன். அடுத்த வாரம் சம்மந்தியம்மாள் போனில் பேசும்போது, நல்லது செய்வதாக நினைத்து, "ரெண்டு வருஷம் போகட்டும்னு சொல்றா சம்மந்தி, சின்னப் பொண்ணு, நீங்க கொஞ்சம் பக்குவமா எடுத்துச் சொல்லுங்க" என்றேன். அவர் பக்குவமாகச் சொல்லவில்லை. சாப்பாட்டு மேஜையில், மாமனார், மாப்பிள்ளை, ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனார் எல்லோர் முன்னாலும், "உங்கம்மாவே வருத்தப்படுறாங்க" என்று ஆரம்பித்திருக்கிறார். மகள் அன்று இரவு எனக்குப் போன் செய்யவில்லை. மறுநாளும் செய்யவில்லை. மூன்றாம் நாள் செய்து, "சாப்டியாம்மா?" என்றாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்காக இப்படியா என்றுதான் இப்போதும் கேட்கிறேன். திட்டியிருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம். இரண்டு வருஷம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு என் கையிலிருந்தே அந்தக் கவரை வாங்கியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும். வெள்ளியும் சனியும் அந்தக் கவர் பீரோவுக்குள் கிடந்தது. பின்னைப் பிரித்து இரண்டாவது அட்டையை எடுத்துப் புடவைக்கு அடியில் வைத்தேன். திரும்பக் கவருக்குள் போட்டேன். மறுபடி எடுத்தேன். நான் எடுத்துக்கொண்டால் அடுத்த மாதம் ஒருவேளை குழந்தை உண்டாகும். எனக்கு அந்தக் கணக்கு மனதில் ஓடியது உண்மை. பேரக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் இறங்குகிற என்னைக்கூடப் பார்த்துவிட்டேன். பிறகு, அட்டை இல்லாத கவரை அவள் பிரிக்கிறபோது அவள் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். அட்டையை உள்ளே போட்டு, என்னிடம் இருந்த ஸ்டேப்ளரால் பின் அடித்தேன். கடைக்காரர் ஒரு பின்தான் அடிப்பார். என்னுடையது மூன்று.

முத்தாபுதுப்பேட்டையில் அவர்களுடையது தனி வீடு. மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனவளின் பின்னாலேயே நானும் ஏறினேன். கவரை நீட்டினேன். அவள் மூன்று பின்னைப் பார்த்தாள்.

"அப்பா சொல்லிட்டாரா?"

"மெடிக்கல்காரர் சொன்னார். எனக்குன்னு நெனச்சாராம்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். அவள் சிரித்ததை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

"சிரி. நல்லா சிரி. உங்கம்மா பைத்தியக்காரிதானே."

"அம்மா, மெதுவா. கீழ கேக்கும்."

"கேக்கட்டுமே. நீயே கடையில போய் வாங்கிக்க வேண்டியதுதானே? ஏன் என்னைத் தூக்க வச்சே?"

"எந்தக் கடையில? முக்குல இருக்கிற மெடிக்கல்காரர் மாமாவோட தினம் வாக்கிங் போறவர்."

"ஆன்லைன்ல எல்லாம்தான் வருதே."

"வீட்டுல உக்காந்துதானேம்மா வேலை பாக்கறேன். நான் மீட்டிங்ல இருக்கும்போது பார்சல் வந்தா அத்தைதான் வாங்கிப் பிரிப்பாங்க. போன மாசம் எனக்கு வந்த செருப்பை அவங்க போட்டு நடந்து பாத்துட்டுத்தான் குடுத்தாங்க."

"கவர்மென்ட்ல சும்மாவே குடுக்கறாங்களாம்."

"குடுக்கறாங்க. குடுக்கற நர்ஸம்மா ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்காங்க. புதுசா கல்யாணமான வீடெல்லாம் அவங்க நோட்டுல இருக்கு. மாசாமாசம் வந்து அத்தைகிட்டயே 'மருமக முழுகாம இருக்காளா'ன்னு கேட்டுட்டு, காபி குடிச்சிட்டுப் போவாங்க."

எல்லாவற்றையும் யோசித்துவிட்டுத்தான் என்னிடம் வந்திருக்கிறாள். கடை, பார்சல், நர்ஸ் எல்லாவற்றிலும் ஒரு கண் இருந்தது. யாருடைய கண்ணும் படாத வழி நான் ஒருத்திதான்.

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

அவள் ஒரு சட்டையை உதறி மடித்தாள்.

"தெரியும். ஒருநாள் டிராயர்ல பாத்துட்டார். எடுத்துப் பாத்துட்டு, இருந்த மாதிரியே வச்சு மூடிட்டார். என்கிட்ட ஒண்ணும் கேக்கலை. நாளைக்கு வீட்டுல சண்டை வந்தா எனக்குத் தெரியாதுன்னு சொல்லிக்கலாம் இல்ல?"

அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. நான் அவளைத் தொட்டிருக்க வேண்டும். தொடவில்லை. எனக்கு என் வலி.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

"சொன்னேனேம்மா. ஒரு தடவை சொன்னேன்."

அவ்வளவுதான் சொன்னாள். கவரைத் துணிகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

கீழே சம்மந்தியம்மாள் காபி போட்டு வைத்திருந்தார். எனக்காக முருங்கைக்கீரை ஆய்ந்து ஒரு பையில் கட்டியும் வைத்திருந்தார். அவர் கெட்டவர் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சம்மந்தி, நீங்க குடுக்கிற மாத்திரையை அவ ஒழுங்கா போடுறாளா? நான் கேட்டா மூஞ்சியத் தூக்கிக்கிறா. உங்ககிட்டதான் மனசு விட்டுப் பேசுவா, அதான் கேக்கறேன்."

சமையலறை வாசலில் மகள் நின்றுகொண்டிருந்தாள். துணிக்குவியல் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. என்னைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை. நான் சொல்லிவிடுவேன் என்று முடிவு செய்துவிட்டவளின் பார்வை.

"போடுறா சம்மந்தி. நான் கேட்டுட்டேன். போடுறா" என்றேன்.

"என்னமோ போங்க. ஆடி கழியட்டும், பெரிய டாக்டரா பாத்து ரெண்டு பேருக்கும் டெஸ்ட் எடுத்துடலாம். இல்லேன்னா மாங்காட்டுக்கு இன்னொரு ஆறு வாரம் போலாமா? இந்தத் தடவை நானும் வர்றேன்."

"எனக்கு முட்டி வலிக்குது சம்மந்தி" என்றேன்.

அவர் கண் கலங்கி இருந்தது. நான் ஏமாந்த மாதிரியே அவரும் ஏமாந்துகொண்டிருக்கிறார். ஒரு மணி நேரத்துக்கு முன்னால்வரை அதில் எனக்குப் பங்கில்லை. இனிமேல் அப்படிச் சொல்ல முடியாது. கீரைப் பையை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். மகள் வாசல் வரை வந்தாள்.

அன்று இரவு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இவருடைய போன் அடித்தது. அவர் எழுந்து பால்கனிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் போனைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"நீ கிளம்புறதுக்கு முன்னாடி அவ மாமியார்கிட்ட தனியா ஏதாவது சொன்னியான்னு கேக்கறா."

"அவ எதிர்லதானே பேசினேன்."

"அதுக்கப்புறம். அவ துணிய வைக்க உள்ள போனப்ப. இல்ல போன்ல."

"இல்லைன்னு சொல்லுங்க."

அவர் திரும்பிப் பால்கனிக்குப் போனார். "இல்லைங்கிறாம்மா" என்று சொல்வது கேட்டது. பிறகு, "உண்மையாத்தான் இருக்கும்" என்றார். கடைசியாக, "சரி, நான் பாத்துக்கிறேன்" என்றார். என்னைப் பார்த்துக்கொள்வதாகத்தான் சொல்கிறார் என்று புரிந்தது. சோற்றில் தண்ணீர் ஊற்றிவிட்டு எழுந்தேன்.

அந்த மாதம் முழுவதும் நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. எதிர்வீட்டு அம்மா "பொண்ணு எப்படி இருக்கா?" என்றால், "நல்லா இருக்கா" என்பதோடு நிறுத்தினேன். சம்மந்தியம்மாள் இரண்டு தடவை போன் செய்தார். வெயிலைப் பற்றிப் பேசினேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். யாரிடமாவது சொன்னால்தான் எனக்கு ஒரு விஷயம் செரிக்கும். என் கணவரிடம்கூட இதைப் பற்றி மறுபடி பேசவில்லை, பேசினால் அவர் அதை அவளிடம் சொல்லிவிடுவார் என்பதால்.

கோபம் போகவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் தெளிவு வந்திருந்தது. அவளுக்கு இந்த மாத்திரை வேண்டும் என்றால் நான்தான் வாங்கிக் கொடுப்பேன். ஏமாந்து அல்ல, தெரிந்தே. அவருக்குக் கண் சரியாகி ஸ்கூட்டர் ஓட்ட ஆரம்பித்த பிறகும், மாதம் முடிகிற சமயத்தில் நானே மெடிக்கலுக்குப் போனேன். அதே ஷிஃப்ட் விடுகிற நேரம். முன்னால் நாலைந்து ஆண்கள். அதில் ஒரு இளைஞன் எதையோ கேட்க வந்துவிட்டு, எனக்காகத் தயங்கி, நான் போகட்டும் என்று ஒதுங்கி நின்றான்.

"இன்னாக்கா, வழக்கமா வாங்குறதா?"

"ஃபோலிக் ஆசிட் மூணு அட்டை. அப்புறம் அந்தக் கருத்தடை மாத்திரை ஒரு அட்டை" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். கடைக்காரர்தான் அவசரமாகச் சுற்றிமுற்றிப் பார்த்தார். "மெதுவாக்கா, ஏன் கத்திகினு கீற?" என்றார். இரண்டையும் தனித்தனிக் கவரில் போடச் சொன்னேன். அட்டையில் எழுதியிருந்த காலாவதித் தேதியையும் பார்த்து வாங்கினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஷேர் ஆட்டோவில் போகும்போது, அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பெரிதாக ஒன்றும் இல்லை. "நான் சொல்லலை பாப்பா, இனிமேலும் சொல்ல மாட்டேன், இந்தா." அவ்வளவுதான். சம்மந்தியம்மாள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். அவள் அறையில் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கவரையும் வெளியே எடுத்தேன்.

"இது நானே கேட்டு வாங்கினேன்" என்றேன்.

அவள் சின்னக் கவரை எடுத்துப் பார்த்தாள். முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. பிறகு திரும்ப என் மடியில் வைத்தாள்.

"வேணாம்மா. எனக்கு மாத்திரை வந்துடுச்சு."

"எப்போ?"

"போன வாரமே."

"யாரு குடுத்தா? அப்பாவா?"

"அப்பா இல்ல."

"பின்ன எங்கேருந்து?"

அவள் என் தோளில் கை வைத்தாள். ரொம்ப நாள் கழித்து அப்படி வைத்தாள். "விடும்மா. நீ இதுல வர வேணாம். உனக்கும் கஷ்டம்" என்றாள். குரலில் கோபமே இல்லை. வெளியாளிடம் பேசுகிற மாதிரி அவ்வளவு மரியாதையாகச் சொன்னாள்.

"நான் சொல்லலை பாப்பா" என்றேன்.

"தெரியும்மா. காபி போடட்டா?"

போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன். எங்கே வாங்குகிறாள், யார் கொண்டு வந்து கொடுக்கிறார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் அப்பாவைக் கேட்டால் "எனக்கும் சொல்லலை" என்கிறார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை.